ஓத அட்டவணை

கபாடியா சேட்டின் புகார் ஒரே வரி:
நான்கு நாள் ஏரிக்கரையில் இருந்தோம்,
மலை வரவில்லை.
அதற்குக் கீழே, தனியாக,
ஆளுக்கு எவ்வளவு கழிப்பீர்கள்?

ரொஹின்டன் சார் கண்ணாடியைத் துடைத்தபடி
'நீயே பதில் எழுது, வாதிவு' என்றார்.
ஒன்பது வருஷமாக அவர் வாயில்
வடிவு அப்படித்தான்.

ஃபோர்ட்டில் மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்து ஏசியின் முதுகு.
அங்கே உட்கார்ந்து ஜப்பானுக்கு ஆள் அனுப்புகிறேன்.
நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். காலாவதியாகிவிட்டது.

ஹிமேஜிக் கோட்டைக்குள் ஆறு தளம்.
படிகள் ஏணிக்குத் தங்கை.
செருப்பைப் பைக்குள் போட்டுக்
கையில் சுமந்தபடி ஏற வேண்டும்.
முழங்கால் வலிக்காரர்கள் வெள்ளைச் சுவரைக்
கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.
நாராவில் மான்கள் தலை வணங்கும்,
பிறகு முந்தானையைத் தின்னும்.
எந்த சூப்பிலும் மீன் இருக்கும்,
கண்ணுக்குத் தெரியாமல்.
ஆகவே குழுவோடு ஒரு மகராஜ் போவார்,
குக்கர், பெருங்காயம், பெட்டி நிறையத் தெப்லாவோடு.
இவ்வளவும் தெரியும் எனக்கு.
மூங்கில் காட்டில் காற்று எப்படி இருக்கும் என்று தெரியாது.
எந்த ஹோட்டலும் அதை மின்னஞ்சலில் எழுதுவதில்லை.

பதிலுக்கு முதல் வரைவு:
வானிலை எங்கள் கையில் இல்லை.
(எவன் கையில்தான் இருக்கிறது.)
இரண்டாவது:
மலை அங்கேயேதான் இருந்தது, தாங்கள்தான்
அடித்துவிட்டேன்.
மூன்றாவதைத் தொடங்கும்போது
கபாடியாவின் மனைவி வந்து நின்றார்.

சரயூ பென்.
உடைந்துபோன பெட்டிக்கு இன்ஷூரன்ஸ் படிவம் வேண்டுமாம்.
வாங்கி நாலாக மடித்துக்கொண்டே கேட்டார்:
'அந்தத் தீவில், கடலுக்குள் நிற்கும் சிவப்பு வாசல்.
மூணு நாற்பதுக்குப் போங்கள் என்று
நேரம் போட்டது யார்?'

ஹாஜி அலிப் பாதையில் ஒருமுறை
முழங்கால் தண்ணீரில் மாட்டிக்கொண்டவள் நான்,
கையில் ரோஜாத் தட்டோடு.
அன்றிலிருந்து கடல் உள்ள எந்த ஊருக்கும்
ஓதம் வற்றும் நேரம் பார்க்காமல் ஆள் அனுப்புவதில்லை.
இதையெல்லாம் சொல்லவில்லை.
'நான்தான்' என்றேன்.

மற்றவர்கள் படகுத்துறையில் ஐஸ்கிரீம் தின்றார்களாம்.
இவர் செருப்போடு சேற்றில் இறங்கி
வாசல் வரை நடந்தாராம்.
தூணில் சிப்பி, கை வைத்தால் கிழிக்கும்.
மணல் துளைகளில் நண்டு.
மர விரிசலில் யார் யாரோ செருகிய காசுகள்.
'நானும் ஐந்து ரூபாய் ஒன்றைச் செருகப் போனேன்.
ஒருத்தி விசில் ஊதிவிட்டாள்.'
சிரித்தபோது பார்த்தேன்,
முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது.

'அவருக்கு மலை குறை.
முப்பத்தாறு வருஷமாக அவருக்கு
ஏதாவது ஒன்று வராமலே இருக்கிறது.
பைசா கொடுக்காதே.'

லிஃப்ட் ஓடவில்லை.
மரப்படியில் அவர் இறங்குவது
கடைசிப் படி வரை கேட்டது.
கியோட்டோக் கோட்டை ஒன்றில்
மிதித்தால் குருவிபோல் கீச்சிடும் தரை உண்டு,
கள்ளன் வந்தால் தெரியட்டும் என்று.
எங்கள் படி யாருக்கும் முனகும்,
கூரியர் பையனுக்கும்.

மூன்றாவது வரைவு:
மலைக்கு நாங்கள் கட்டணம் வாங்கவில்லை.
ஏரிக்கு வாங்கினோம்.
ஏரி இருந்ததாக அறிகிறோம்.

ரொஹின்டன் சார் இரண்டு முறை படித்தார்.
மீசை அசைந்தது, சிரிப்பா தெரியவில்லை.
கையெழுத்துப் போட்டார்.

அடுத்த குழு ஏப்ரலில். பத்தொன்பது பேர்.
தீவுக்குப் போகும் நாளன்று
கடல் வற்றுவது காலை ஆறு பத்துக்கு.
மதியமெல்லாம் வாசலைச் சுற்றித் தண்ணீர்.
முதல் படகு போய்ச் சேர்வதற்குள்
மணல் நனையத் தொடங்கிவிடும்.

தீவிலேயே ஒரு விடுதிக்கு எழுதுகிறேன்:
முந்தின இரவே தங்க வேண்டும்.
பத்தொன்பது பேர், மகராஜ் ஒருவர்.
வெங்காயம், பூண்டு, உருளை கூடாது.
விடிவதற்கு முன்
வெளிக்கதவைத் திறந்துவிடுவீர்களா?