மண் பட்டதா?

படிவத்தில் பதினொன்றாம் கேள்வி:
இந்தப் பொருள் எப்போதாவது மண்ணில் பட்டதுண்டா?

டீடெரிக் சிரித்தான்.
"கடல்மட்டத்துக்குக் கீழே குடியிருக்கிறோம்.
எது படவில்லை என்று கேட்டால் சீக்கிரம் எழுதிவிடலாம்."

ஒரு மாதமாகக் கொட்டகை முழுதும் வாளிகள்.
சைக்கிள் நான்கு.
சங்கிலிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டிருக்கிறேன்.
மட்கார்டின் உட்புறத்திலிருந்து
மூன்று குளிர்காலத்துக் களிமண்
தோசைக்கல்லில் ஒட்டிய மாவுபோல் பெயர்கிறது.
கூடாரத்தின் தையலுக்குள் செத்த காதுப்பூச்சி.
கிறிஸ்துமஸ் மாலையில் கட்டிய பைன் காய்களை
எதிர்வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்,
அடுப்பெரிக்க.

ஹிஸ்கெவுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை.
'சுத்தம்' என்று எழுதி ஒட்டுகிறாள்
மேசைக்கு, மண்வெட்டிக்கு, கூட வராத பூனைக்கு,
தூங்கும் அப்பாவின் நெற்றிக்கு.

"ஒரு நாடே ஒரு புல்விதைக்கு இப்படிப் பயப்படுமா?"
டீடெரிக் ஹேக் நகரத்தில் நான்காம் மாடியில் வளர்ந்தவன்.
வாக்குவம் க்ளீனரை அவனிடம் கொடுத்தேன்.
பூட்ஸை மட்டும் என்னிடம் விடு என்றேன்.

பழைய பல்துலக்கி. கோணி ஊசி. கொதிநீர்.
நான்காம் முறை.

ஒன்பது வயதில்
எங்கள் சாலைமுனையில் வைக்கோல் பரப்பி
மருந்து ஊற்றினார்கள்.
கோமாரி.
பள்ளிக்கூடம் பூட்டு.
ஒரு பண்ணையார் இன்னொரு பண்ணைக்குள் போகக் கூடாது.
நான் போனேன்.
வாய்க்காலைத் தாண்டி, பின்பக்கமாக,
டியெட்ஸ்கெ வீட்டில் பிறந்த கன்றைப் பார்க்க.
என் விரலை அது சப்பியது.
நாக்கு மணல்தாள் மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் வெள்ளை உடுப்பில் ஆட்கள் வந்தார்கள்.
எழுபத்து மூன்று மாடுகள்.
அப்பா ஒவ்வொன்றாய்ப் பெயர் சொன்னார்.
பெயர் வேண்டாம், காதிலுள்ள எண் போதும் என்றார்கள்.
அப்பா பெயரையே சொன்னார்.

காற்றில் வந்தது என்றார்கள்.
பால் லாரியில் வந்தது என்றார்கள்.
ஒன்பது வயதுக் கால்களின் பூட்ஸைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை,
அப்பாவிடம், பாதிரியாரிடம்,
கல்யாணமான பிறகு இவனிடம்.

டனீடின் துறைமுகக் கிடங்கில்
எங்கள் வீடு சிமெண்ட் தரையில் பரத்திக் கிடந்தது.
அதிகாரியின் பெயர் மெரெயானா. நெற்றியில் விளக்கு.
வாக்குவம் க்ளீனரின் உருளையைச் சுழற்றி
இடுக்கியால் எடுத்தார் ஒன்றை.
எள்ளில் பாதிகூட இல்லை.
அதற்கொரு பை, அதற்கொரு எண்.
டீடெரிக்கின் காது சிவந்தது.

பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். சரி, என்று வைத்தார்.

"இன்னொரு தடவை பாருங்கள்."

நான்தான் சொன்னேன்.
இப்படிக் கேட்டவர் அவருக்கு வாய்த்திருக்க மாட்டார்கள்.
என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.
பிறகு சிமெண்டில் முட்டி போட்டு உட்கார்ந்து
பல் பல்லாக, மடிப்பு மடிப்பாக,
நாக்கை வெளியே இழுத்து, அதன் அடியில்,
கயிறு நுழையும் துளை ஒவ்வொன்றிலும்
வெளிச்சத்தை விட்டுப் பார்த்தார்.
கிடங்குக் கூரையில் கடல்காகங்கள் நடக்கும் சத்தம்.

அந்தப் பூட்ஸ் இல்லை இது, தெரியும்.
அதை அன்றைக்கே எரித்துவிட்டார்கள்,
எரிக்க வேண்டிய எல்லாவற்றோடும்.

"ஒன்றுமே இல்லை, அம்மா" என்றார்.

ரசீதில் விதைக்கு ஒரு தொகை,
இரண்டாம் முறை பார்த்ததற்கு
கால் மணிநேரம் தனியாக.
எதற்கு இது, என்றான் டீடெரிக்.

காரில் ஏறு,
சொல்கிறேன்.