ஜோஷிக்குப் பிறந்தநாள்

தொண்ணூற்றிரண்டோ மூன்றோ.
ஆபீசர்ஸ் லைன் மாடியில் மூன்றே கம்ப்யூட்டர்,
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.
ஏ.சி. போட்டும் வைரஸ் எப்படி வந்தது
என்று கேட்டார் முதலாளி.

ஜனவரி ஐந்து. திரை நின்றுபோனது.
'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று அடி என்றது.
அடித்தேன். விட்டுவிட்டது.
அவ்வளவுதான் கேட்டது
அந்தக் காலத்துக் கெட்டது.
அந்த ஜோஷி யாரென்று இன்றுவரை தெரியாது.
அதே வாரம் வந்த என் பிறந்தநாளை
யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு அது காதலித்தது.
இரண்டாயிரம், மே மாதம்,
மேல்விஷாரம் தோல் கம்பெனியில்
ஏற்றுமதி பார்க்கும் நசீர் அகமதுக்கு
இத்தாலிக்காரன் ஒருவன்
'ஐ லவ் யூ' என்று மெயில் அனுப்பினான்.
ஆறு மாதமாய்ப் பாக்கி வைத்திருப்பவன்
எதற்கு இப்படி எழுதுகிறான் என்று
திறந்து பார்த்தார்.

பென் டிரைவ் வந்ததும் அது சாவிக்கொத்தில் தொங்கியது.
சத்துவாச்சாரி ஜெராக்ஸ் கடையில் ஒருமுறை செருகினால்
ஹாஸ்டல் முழுக்கப் பரவும்.
ஃபோல்டருக்குள் அதே பெயரில் ஃபோல்டர்,
அதற்குள்ளும் அதே.
ஃபார்மட் செய்ய இருநூற்றைம்பது வாங்கினேன்.
பொய் சொல்வானேன்,
காட்பாடியில் என் வீட்டுக்கு
அஸ்திவாரம் போட்டது அதுதான்.

அப்புறம் கடிகாரம்.
மண்டித் தெருவில் வெல்ல வியாபாரம்
எத்திராஜுலு நாயுடுவின் கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டு
முந்நூறு டாலர் என்றது சிவப்புத் திரை.
அவர் விடுவாரா?
துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பழகியவர்.
பாதி தரேன், மீதி அறுவடைக்கப்புறம்
என்று தமிழிலேயே டைப் அடிக்கச் சொன்னார்.
பேரம் பேச எதிரில் ஆளே இல்லை.
எண்கள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தன.
அன்றைக்குத்தான் முதல்முறையாக
அவர் பயந்து பார்த்தேன்.

போனுக்கு வந்தபோது அதற்குத் தமிழ் வரவில்லை.
'அன்பான வாடிக்கையாளர் உன் மின்சாரம்
இன்றிரவு வெட்டப்படும்.'
படித்துப் படித்துச் சிரித்தோம்.
கோட்டையைச் சுற்றி இருக்கும் அகழியைவிட
அந்தத் தப்புத் தமிழ்தான்
எங்களுக்கு ஆழமான காவல்.

போன நவம்பர், மழை,
கடையில் கரண்ட் விட்டு விட்டு வந்தது.
புது நம்பர். குரல் பிரேம்சாகர்.
'அண்ணா, இன்னாண்ணா, எங்க கீற?
வந்துகினே கீறேன், டோல்கேட்டாண்ட.
உனக்கு ஒரு நம்பர் வரும், சொல்லேன்.'
நடுவில் அவனுடைய அதே இருமல்.

நாலு இலக்கம் சொல்லியாயிற்று.
மீதி இரண்டு நாக்கில்.

கரண்ட் வந்தது.
எதிர் பெஞ்சில் தலையைக் குனிந்து
மதர்போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்த பிரேம்சாகர்
நிமிர்ந்து, 'போன்ல யாருண்ணா?' என்றான்.

'நீதான்' என்றேன்.

புகை மெல்ல ஏறியது.
போனில் மறுபடியும்,
'அண்ணா, லைன்ல கீறியா?'

அவன் எழுந்து வந்தான்.
என் கையிலிருந்து போனை வாங்கி
அதே குரலில்,
'கீறேன், சொல்லு' என்றான்.

அந்தப் பக்கம்
ஒரு நொடி யோசித்தது.