வேர்முடிச்சு

நம்பியூருக்குத் தெற்கே
துளசிமணியின் கடலைக்காடு.
அறுபத்தெட்டாம் நாள். இலை கருகருவென்று பச்சை.
"பச்சைக்கு ஒண்ணும் கொறையில்லீங்.
காய்தான் புடிக்க மாட்டேங்குதுங்."

இருபதாம் நாள் யூரியா வீசியிருக்கிறாள்,
முப்பத்தைந்தில் இன்னொரு தரம்.
மூட்டையோடு கடைக்காரர் தலையில் கட்டிய
சத்துப் பொட்டலம்
மோட்டார் ரூமில் பிரிக்காமல் கிடக்கிறது.

நான் கோபியில், மண் ஆய்வுக்கூடத்தில்.
பதினோரு வருஷமாகக்
கண்ணுக்குத் தெரியாதவற்றை எண்ணுகிறேன்.
ஒரு கிராம் மண்ணைக் கரைத்து, நீர்த்து, மறுபடி நீர்த்துக்
கண்ணாடித் தட்டில் ஊற்றி வைத்தால்
மூன்றாம் நாள் புள்ளி புள்ளியாய் எழும்பும்.
என் சம்பளத்தை எண்ண அவ்வளவு நேரம் ஆவதில்லை.

ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து
வாளியில் அலசினேன்.
மில்லில் இருந்து வந்த நூல் மாதிரி
ஒரு முடிச்சு இல்லாத வேர்.
"சுத்தமாத்தானுங் இருக்குது" என்றாள்.
கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம்
ஸ்பின்னிங் மில்லில் நின்றவள்.
அங்கே முடிச்சு விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள்.

இங்கே முடிச்சுதான் கூலி.
பசித்த வேர் மண்ணுக்குள் ஆளனுப்பும்;
பாக்டீரியா வரும்.
வேர்மயிர் சுருண்டு கதவு திறக்கும்.
உள்ளே குடிவைத்துச் சர்க்கரை கொடுத்துக்
காற்றில் இருக்கும் தழைச்சத்தைப்
பிடித்துத் தரச்சொல்லி வாங்கிக்கொள்ளும்.
சாப்பாடு வாசலுக்கே வந்து இறங்கும் வீட்டில்
அடுப்பு மூட்டுவார்களா?
இந்த வேர் யாரையும் கூப்பிடவில்லை.

யூரியா எல்லாரையும் கொன்றுவிட்டது என்று
சொல்ல வராது எனக்கு. அது பொய்.
போன வாரம் இவள் மண்ணை ஊற்றிய தட்டில்
புள்ளிகள் கூடித்தான் இருந்தன.
பந்தி விரித்ததும் முந்தி உட்காருகிறவர்கள்
பெருகிப் பெருகி, புளிப்பைக் கக்கி,
மற்றவர்களை ஓரத்துக்குத் தள்ளியிருந்தார்கள்.
கூட்டம் பெரிது. முகம் ஒன்று.

மேற்கோரம் நடந்தபோது மறித்தாள்,
"அக்கட்ட வேண்டாமுங்."
நாலு சால். வெளிறின இலை.
மினி பஸ்ஸுக்கு நேரமாச்சென்று
மயில்சாமி வீசாமல் விட்டுப்போனது.

பிடுங்கினேன்.
வேர் நெடுக, கேழ்வரகைத் தெளித்து ஒட்டியதுபோல்.
ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து
நகத்தால் கீறினேன்.
சிவப்பு.
"ரத்தமுங்களா?"
ரத்தத்துக்குப் பங்காளி முறை, என்றேன்.
மூச்சு வேண்டுமே, உள்ளே இருப்பதற்கும்.

மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல்,
கார அமில நிலை.
இந்தச் சிவப்புக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: நாலு சால், மேற்கு.

அவள் விரல்நுனியைத் துடைக்கவில்லை.
"அந்தப் பையனுக்கு
அரைநாள் கூலி புடிச்சுப்போட்டனுங்" என்றாள்,
வாய்க்கால் பக்கம் பார்த்தபடி.