மூணு மணிக்குத் தண்ணி வரும்

இறுக்கியவன் யாரென்று தெரியாது.
எந்த ஊர்ப் பட்டறையோ,
தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்கு முன்னால்
மதியச் சோற்றுக்குக் கிளம்புகிற அவசரத்தில்
கடைசியாக ஒரு இழுப்பு இழுத்திருப்பான்.
காலையிலிருந்து
அவன் அம்மாவைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
சாக்கடை மூடிமேல் பாதி, தெருவில் பாதி
தேசிங்கின் கால்டாக்சி.
முன்சக்கரத்தைக் கழற்றி, மண்காப்பை ஒதுக்கிக்
கையை உள்ளே விட்டால்
கிராங்க் புல்லியின் நடுவில் ஒற்றை போல்ட்.
எஞ்சின் சுற்றச் சுற்ற இறுகுகிற ரகம்.
எண்ணூர் ஷிப்ட், ஸ்டான்லி ஆஸ்பத்திரி, விடிகாலை ஏர்போர்ட்,
ஓட்டிய சவாரியெல்லாம் சேர்ந்து
அதை முறுக்கி வைத்திருக்கின்றன.
போதாததற்குப் போன மழையில்
எண்ணெய் மிதந்த தண்ணீரில் மூன்று நாள் நின்ற வண்டி.
அப்புறம் உப்புக்காற்று.

ராத்திரியே டீசல் விட்டு ஊறவைத்தேன்.
சுத்தியலால் தலையில் நாலு போட்டேன்.
சூடு காட்டலாம் என்றால் பின்னாலேயே ரப்பர் சீல்,
உருகினால் வாரக்கூலி அதிலேயே போகும்.
காற்றுத் துப்பாக்கிக்குக் கரண்ட் இல்லை.
நீட்டுக்கம்பியில் தொங்கினேன்.
சாக்கெட் பிளந்து சந்துக்குள் பறந்தது.
முட்டித் தோல் உரிந்தது.
போல்ட் பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவில் ஒரு சந்தேகம்.
இடமா, வலமா?
சில வண்டிக்கு மரை தலைகீழ் என்பார்கள்.
அப்படியானால் இத்தனை நேரமும்
நானே இறுக்கிக்கொண்டிருந்தேனா?
தேசிங்கிடம் சொல்லவில்லை.
கூட்ஸ் வண்டி முழுசாகப் போய் கேட் திறக்கும்வரை
விரலால் காற்றைத் திருகித் திருகிப் பார்த்தேன்.
இடம்தான்.

"நீளம் பத்தல" என்றேன்.
தெருவிலேயே நீளமான இரும்பு ஒன்றுதான் இருந்தது.
அடிபம்பின் கைப்பிடி.

அமுலு அக்கா இடுப்புக் குடத்தை இறக்காமலே சொன்னாள்:
"இன்னா, வெளையாட்றியா?
மூணு மணிக்குத் தண்ணி வரும்.
அதுக்குள்ள இது வந்து சேரல,
உன் கைய வெச்சுத்தான் அடிப்பேன்."
ஆனாலும் ஆணியைத் தட்டி உருவிக் கொடுத்தது
அவள்தான்.
பதினெட்டு வீட்டு உள்ளங்கைகள் தேய்த்து
வழுவழுவென்று ஆகிவிட்ட பைப்.

ஐந்தாவது கியர் போட்டாச்சு.
தேசிங்கு பிரேக்கை மிதித்தால்
புல்லியும் கூடவே சுற்றுகிறது. அந்த உடம்புக்கு அவ்வளவுதான்.
அக்கா ஏறி உட்கார்ந்தாள்.
ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வாழ்க்கையில் முதல் தடவை.
கண்ணாடியைத் திருப்பிப் பொட்டைச் சரிசெய்தாள்.
இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி
"ம், கயட்டு" என்றாள்.

கம்பியில் பைப், பைப்பில் நான், என்மேல் தேசிங்கு.
வண்டி முனகியது. ஜாக்கி முனகியது.
தெரு முழுக்கக் குடத்தோடு நின்று பார்த்தது.

டக்.

அந்தச் சத்தத்துக்கு இரண்டு அர்த்தம்.
பிடி விட்டாலும் அதே சத்தம்.
தலை முறிந்தாலும் அதே சத்தம்.
குனிந்து பார்க்க யாருக்கும் தைரியமில்லை.
தேசிங்கு மணலிப் பக்கத்துப் புகையைப் பார்த்தபடி நின்றான்.
உள்ளேயிருந்து அக்கா மட்டும்
"கால எடுக்கலாமா?" என்றாள்.

விரலால் திருப்பினேன். சுற்றியது.
தலை மட்டும் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து
கடைசி மரை வரை வெளியே எடுத்தேன்.
முழுசாக இருந்தது.
பொட்டுத் துரு இல்லை.
கடையில் வாங்கிவந்த மாதிரி எண்ணெய் மினுக்கம்.
உப்புக்காற்றை வீணாகத் திட்டியிருக்கிறேன்.

பைப்பின் நடுவில் லேசாக ஒரு வளைவு.
அக்கா ஒற்றைக் கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஆணியை அடித்துச் சொருகி, பத்துத் தடவை வெறுங்காற்றை அடித்து,
பதினொன்றாவதில் மஞ்சளாகக் கொட்டியது தண்ணீர்.
மணி மூன்று பத்து.

புது பெல்ட் மாட்டிப் போல்ட்டைத் திரும்ப ஏற்றும்போது
தெருவிளக்கு எரிந்துவிட்டது.
அளவு வந்ததும் நிறுத்தியிருக்கலாம்.
ராத்திரி சவாரி ஓட்டுகிறவன் தேசிங்கு,
மதுரவாயல் பைபாஸில் தனியாகப் போகிறவன்.
கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தேன்.

எங்கேயோ ஒருவன்,
இன்னும் பள்ளிக்கூடமே போகாதவனாக இருக்கலாம்,
தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் கழித்து
என் அம்மாவைப் பேசட்டும்.