துறைமுகம் தெரியும் அறை

ஹலிஃபாக்ஸில் எங்கே தங்குவதென்று
மூன்று வாரம் கதைத்தோம்.
பிராம்டனில் இரவுப் பணி முடிந்து
பேருந்துக்குக் காத்திருக்கும்போது அவள் எடுப்பாள்.
நான் தொலைபேசியைத் தோளில் இடுக்கி
வெங்காயம் நறுக்கியபடி கேட்பேன்.

டார்ட்மவுத் பக்கம் மலிவு, என்றாள்.
படகேறினால் பன்னிரண்டு நிமிடம்.
அங்க நிண்டு பார்த்தா ஹலிஃபாக்ஸ் முழுக்கத் தெரியுமாம்.
"ஹலிஃபாக்ஸில நிண்டு பார்த்தா?"
"டார்ட்மவுத் தெரியும்."
இரண்டு பேரும் சிரித்தோம்.
காசு கூடக் கொடுத்தவர்கள்
காசு குறையக் கொடுத்தவர்களின் கரையை
நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்றாலும் ஹலிஃபாக்ஸ்தான் என்றாயிற்று.
பிறகு வந்தது அடுத்த கேள்வி.
பின்பக்க அறை: கார் தரிப்பிடம், இரண்டு கட்டில்.
முன்பக்க அறை: துறைமுகம், ஒரு கட்டில்.
பெரிய கட்டில்தான்.
விலை ஒன்றே.

அவள் பேசாமல் இருந்தாள்.
நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

வதனி என் மச்சாள்.
மச்சாளாக இருந்தவள் என்று சொல்லவேண்டும்.
அவளின் அண்ணனும் நானும்
கையெழுத்திட்டுப் பிரிந்து நான்கு வருடம்.
வழக்கறிஞர் எழுதிய இருபத்தாறு பக்கத்தில்
வீடு இருந்தது, கார் இருந்தது,
மாவரைக்கும் இயந்திரம்கூட இருந்தது.
மச்சாள் யாருக்கு என்று
ஒரு வரி இல்லை.

"துறைமுகம்," என்றேன்.
"ஓம், துறைமுகம்," என்றாள்,
அவ்வளவு கெதியாய்.

இறங்கிய அன்றே மூடுபனி.
வரவேற்பு மேசையில் நின்ற பையன் மன்னிப்புக் கேட்டான்,
பனியைத் தானே வரவழைத்துவிட்டதுபோல.
அறைக்குள் போனதும் சப்பாத்தோடு ஓடி
யன்னல் சீலையை விலக்கினாள்.
வெள்ளை.
கஞ்சி போட்டுக் காயப்போட்ட வேட்டி மாதிரி
மேலும் கீழும் வெள்ளை.
"இதுக்கோ காசு கட்டினனாங்கள்?
கார் பார்க்கெண்டா நாலு காராவது தெரிஞ்சிருக்கும்."

பின்னேரம் எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது.
கதிரையின் கைப்பிடி அதிர்ந்தது.
கொஞ்சம் பொறுத்து, வேறொரு திசையில், இன்னொன்று.
நெய்தலுக்கு இரங்கல் என்று
ஒன்பதாம் வகுப்பில் பாடமாக்கியிருந்தேன்,
புள்ளிகளுக்காக.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் மிக்சர் பையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள்.
கடதாசிக் குவளையில் தேத்தண்ணி குடித்தோம்.
மச்சான்களின் கலியாணங்களைப் பற்றிக் கதைத்தோம்,
ஒருவனைத் தவிர்த்து.

இரவு, கட்டிலின் நடுவே
நீளத் தலையணை ஒன்றை வைத்தாள்.
"நான் உதைப்பன்," என்றாள்.
உதைக்கவில்லை. குறட்டை விட்டாள்.
இரண்டு ஏற்றம், ஒரு நிறுத்தம்,
நிறுத்தத்தின் முடிவில் மெல்லிய விசில்.
பதினொரு வருடம் என் இடது காதருகே கேட்ட
அதே குறட்டை.
ஒரு குடும்பத்துக்கு ஒரு மூக்குத்தான் போல.
கோபம் வருமென்று
கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன்.
கப்பல்தான் ஊதியது.

மூன்றாம் நாள் காலை,
விமானத்துக்கு நான்கு மணிநேரம் இருக்க
பனி தூக்கியது.
முதலில் தண்ணீர், சாம்பலும் பச்சையுமாய்.
பிறகு பாலத்தின் கால்கள், மேலே பாலம் இல்லாமல்.
பிறகு பாலம்.
பிறகு அக்கரையில் டார்ட்மவுத்,
ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள்,
அதிலொன்றில் யாரோ கம்பளம் உதறினார்கள்.
"பாத்தியா, மலிவான பக்கம்தான் வடிவு," என்றபடி
படமெடுத்தாள்.

காட்டினாள்.
துறைமுகத்தின் நடுவில், கண்ணாடியில்,
வாயில் பல்துலக்கியோடு நான் விழுந்திருந்தேன்.
"அழிச்சிட்டுத் திரும்ப எடு."
"இருக்கட்டும்," என்றாள்.
குடும்பக் குழுவில் போட்டாள்.
நான் அந்தக் குழுவில் இல்லாமல் போய்
நான்கு வருடம்.

பெட்டி அடுக்கும்போதெல்லாம்
அவளின் தொலைபேசி மேசையில் கிர் கிர் என்றது.
அவள் எடுத்துப் பார்க்கவில்லை.
எனக்கு ஒரு காலுறையைக் காணவில்லை;
குனிந்து கட்டிலுக்கடியில்
தேவைக்கு அதிகமாகவே தேடினேன்.