செவுள்

முப்பது நாளைக்கு அஞ்சலாட்சி பேசக்கூடாது.
தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி,
பெரியாஸ்பத்திரிச் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.
முந்தின ராத்திரி சோனாங்குப்பத்தில்
கதவைச் சாத்திக்கொண்டு
போனில் தன் குரலைப் பிடித்து வைத்தாள்:
சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு,
வஞ்சிரம் இருக்கு, வாங்கம்மா வாங்க.
நடுவில் ஒரு நாய் குரைக்கிறது.

லோடு ஆட்டோவின் ஸ்பீக்கர் பெட்டி
எம்பி3 மட்டும்தான் தின்னும்.
போன் பிடித்திருப்பதோ எம்4ஏ.
பென் டிரைவை என் மேஜையில் வைத்தாள்,
கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளைத் திருப்பி எழுதினாள்:
‘பொட்டியும் ஊமை. நானும்.’

மஞ்சக்குப்பத்தில் பதினோரு வருஷமாகக் கடை.
பட்டா, சிட்டா, வில்லங்கம், வருமானச் சான்று,
எதை எதுவாக எடுக்கவும் தெரியும்.
இது தெரியாது.

இலவசம் என்று போட்டுத் தேடினேன்.
ஒரே பக்கத்தில் மூன்று பச்சைப் பொத்தான்கள்,
மூன்றும் ‘இறக்கு இறக்கு’ என்று கண்ணடித்தன.
போன ஆடியில் இப்படித்தான்
ஒன்றைக் கூப்பிட்டேன், நாலு பேர் வந்தார்கள்.
ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்க,
இரண்டு நாள் கணினி யாருக்கோ விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த பக்கம், எதையும் இறக்க வேண்டாம்,
கோப்பை இங்கே போட்டால் போதும் என்றது.
அவள் எழுதினாள்: ‘போட்டா எங்க போவும்?’
எந்த ஊர்,
எந்த இயந்திரத்தின் வயிறு,
எத்தனை நாள் தங்கும், யார் கேட்பார்?
எனக்குத் தெரியவில்லை.
அவளே மவுசைப் பிடித்து அந்தப் பக்கத்தை மூடினாள்.

மூன்றாவது கொஞ்சம் யோக்கியமாகத் தெரிந்தது.
மாற்றியும் கொடுத்தது.
சங்கரா இருக்கு, நெத்திலி இருக்கு, வஞ்
அவ்வளவுதான்.
மிச்ச மீனுக்குப் பணம் கட்டவேண்டுமாம்.

அவள் தோள் குலுங்கியது.
சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பாரோ என்னவோ.
பிறகு தாளில், அழுத்தி:
‘செவுளத் தூக்கிக் காட்டாதவன்கிட்ட
நான் மீன் எடுக்க மாட்டேன்.’

அதற்கப்புறம்தான் எதைத் தேடவேண்டும் என்று புரிந்தது.

அழகில்லாத ஒரு பக்கம். பொத்தான் கண்ணடிக்கவில்லை.
எங்கெங்கோ இருக்கிற யார் யாரோ
சேர்ந்து எழுதிய நிரல்,
வரிக்கு வரி திறந்து கிடக்கிறது.
எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.
ஆனாலும் துறைமுகத்தில்
நாலு பேர் செவுள் தூக்கிப் பார்த்த கூடை என்றால்
ஐந்தாவது ஆள் கொஞ்சம் நம்பலாம், இல்லையா?

கீழே, கைரேகை மாதிரி
அறுபத்து நாலு எழுத்தும் எண்ணும்.
இறங்கிய கோப்புக்கும் அதே ரேகை வருகிறதா
என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது
அவளும் விரல் வைத்து ஒவ்வொன்றாய் ஒத்துப்பார்த்தாள்.
கடைசி எண் ஏழு, இரண்டிலும்.
திரையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாற்ற நாலு நொடிகூட ஆகவில்லை.
எவ்வளவு என்று கையால் கேட்டாள்.
காசில்லாமல் வந்ததற்கு என்ன விலை சொல்ல?
நாற்பது நிமிஷத்துக்கு முப்பது ரூபாய் என்றேன்.
இருபது வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆறே முக்காலுக்கு
கடைத் தெருவில் அவள் குரல் முதலில் வந்தது,
ஆட்டோ பிறகு, அதற்குள் வாய் மூடிய அவள்.
மாடியிலிருந்து ஒரு அம்மா
ஸ்பீக்கரிடம் பேரம் பேசினாள்.
அஞ்சலாட்சி விரலில் விலை காட்டினாள்.
பெட்டிக்குள் நாய் குரைக்க,
தெரு நாய்கள் எழுந்து பதில் சொல்லின.

குரல் சுற்றி மறுபடி தொடங்கும் இடத்தில்
எச்சில் விழுங்குகிற சத்தம் ஒன்று.
நேற்று எனக்கு அது கேட்கவில்லை.
வெட்டிக் கொடுத்திருக்கலாம்.
கேட்டால் வேண்டாம் என்பாள் என்று நினைக்கிறேன்.