மிச்சக் காசு

பீல் நகரத்தில் தெருக்களுக்கு இரண்டு பெயர்,
ஒன்று ஜெர்மன், மற்றது பிரெஞ்சு.
அம்மாவுக்கு இரண்டும் வாசிக்க வராது.
ஆகையால் எட்டு வயதிலிருந்து
எங்கள் வீட்டுக்கு வாய் நான்தான்.

வாடகைக் கடிதம், வரிக் கடிதம்,
தம்பி கடித்த பிள்ளையின் தகப்பன் போட்ட சத்தம்,
எல்லாம் என் நாக்கில் ஏறித்தான் அவளிடம் போகும்.
அவளுக்கு ஒரு கட்டி என்று வைத்தியர் சொன்னபோது
கர்ப்பப்பை என்ற சொல் எனக்குத் தெரியாது.
"பிள்ளை இருக்கிற பையிலே, அம்மா" என்றேன்.
அப்போது எனக்குப் பத்து.

அப்பா விழுந்தது பெப்ரவரியில்,
உணவகத்தின் பின்பக்கம், கோப்பை கழுவும் மெசினடியில்,
முழங்கைவரை நுரையோடு.
தலைக்குள் இரத்தம் என்றார்கள். சொன்னேன்.
ஒப்பரேசன் என்றார்கள். அதையும் சொன்னேன்.
கையெழுத்து வைக்கும் கோட்டை
விரலால் தொட்டுக் காட்டினேன்.

விடியப்புறம் மூன்றரைக்கு டொக்டர் வந்தார்,
பச்சைத் தொப்பியைக் கழற்றிக்
கசக்கிக்கொண்டு.
எத்தனை கடிதம் பிரித்தவள் நான்!
கெட்ட செய்தி வாய்க்கு வருமுன்
முகத்தில் எங்கே தங்கும் என்று தெரியும்.
எழும்பி நின்று
சட்டையை இழுத்துவிட்டேன், வாய்ப்பாடு சொல்லப்போகிறவள்போல.
அவரும் என்னைப் பார்த்துத்தான் தொடங்கினார்.

"நில்லுங்கள்" என்றாள் இரவுத் தாதி.
ஆர்ப்னோரா என்றது அவளது பெயர் அட்டை.
"பிள்ளையை வைத்துச் சொல்லக்கூடாது."

தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க
இருபது நிமிடமாவது ஆகும் என்றார் அவர்.

"ஆகட்டும்.
இந்தச் செய்தி எங்கே ஓடிவிடப்போகிறது?"

பிறகு குனிந்து என் உள்ளங்கையில்
ஐந்து பிராங்க் குற்றி ஒன்றை வைத்தாள்.
"கீழே ஒரு மெசின் நிற்கும்.
சூடான சொக்லேட், மூன்றாவது பட்டன்.
இரண்டாவதை அழுத்திவிடாதே, அது சூப்."

"எனக்கு எல்லாச் சொல்லும் விளங்கும்" என்றேன்,
கொஞ்சம் ரோசத்தோடு.

"தெரியும். அதனால்தான்."

கீழே ஒருவரும் இல்லை.
மெசின் தனக்குள் முனகிக்கொண்டிருந்தது.
எந்த விரல் எதை அழுத்தியதோ,
சூப்புத்தான் வந்தது.

அந்த நேரம் மேலே, மேசையில் வைத்த தொலைபேசிக்குள்
யாரோ ஒரு மட்டக்களப்புப் பொம்பிளை.
முதலில் அவ கேட்டது இதுதானாம்:
"அக்கா, பக்கத்துல ஆரும் இருக்காங்களா?"
"ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை
கையைப் பிடிச்சுக்கொண்டிருக்குது" என்றாளாம் அம்மா.
(ஆர்ப்னோரா கொசோவோக்காரி.
அவளும் சின்னதில் யாருக்கோ வாயாக இருந்தாளோ?
நான் கேட்கவில்லை.)

திரும்பி வந்தபோது
இருவரும் நிலத்தில், சுவரோடு சாய்ந்து.
அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்த
முதல் செய்தி அது.

"அப்பா இனிக் கண் முழிக்கமாட்டார், பிள்ளை."

எந்தச் சொல்லையும் நான் தேடவேண்டியிருக்கவில்லை.
கேட்டேன். அவ்வளவுதான்.
கேட்டு, வாய்விட்டு அழுதேன்,
கோப்பை சரிந்து சூப் காலில் ஊற்றுமட்டும்.
ஆர்ப்னோரா தன் கழுத்துத் துவாயால்
என் சப்பாத்தைத் துடைத்தாள்,
முதலில் இடது, பிறகு வலது.

சூப்புக்கு ஒன்றரைப் பிராங்க்.
மிச்சம் மூன்றரையைத்
திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன்.